அந்தி ஏழு மணிக்கு எங்கே திட்டம்?

(அரூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

மொரப்பூரிலிருந்தும் கம்பைநல்லூரிலிருந்தும் கடைசி பஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் விவசாயிகளே!

மேடைக்கு மேலே தொங்குகிற விளக்கை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். இந்தப் பக்கத்துக்குப் பெரிய அனல்மின் நிலையம் என்றால் மேட்டூர். அங்கே எரிகிற கரி எப்படி வருகிறது தெரியுமா? ஒடிசாவில் தால்சேர் சுரங்கத்தில் வெட்டுகிறார்கள். அங்கிருந்து ரயிலேறி பாரதீப் துறைமுகம் போகிறது. பாரதீப்பில் கப்பலேறி எண்ணூர் வருகிறது. எண்ணூரில் இறங்கி மறுபடி ரயிலேறி மேட்டூர் போகிறது. தூரத்துச் சொந்தத்தின் கல்யாணத்துக்குப் போகிறவன்கூட இத்தனை வண்டி மாற மாட்டான். அவ்வளவு தூரம் வந்து, எரிந்து சாம்பலாகி, கம்பியேறிய பிறகுதான் அரூர்க் கச்சேரிமேட்டில் ஒரு பல்பு எரிகிறது.

இன்று மத்தியானம் இதே ஊரில் மண்டையைப் பிளந்த வெயில் எங்கே போயிற்று?

அந்த வெயிலுக்கு யாரும் கப்பல் வாடகை கொடுக்கவில்லை. வந்தது, காய்ந்தது, போய்விட்டது. அதைப் பிடித்து மின்சாரமாக்குகிறவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மத்தியானம் பிடித்ததை அந்தி ஏழு மணிக்கு எடுத்துக் கொடுக்க ஏற்பாடு போதவில்லை. இன்றைய பேச்சு முழுக்க அந்த ஏழு மணியைப் பற்றித்தான்.

சென்னையில் ஒவ்வொரு ஆட்சியும் ஒரு சூரிய அறிவிப்பு வைத்திருக்கும். 2012இல் ஒரு சூரிய மின்கொள்கை வந்தது: 2015க்குள் 3,000 மெகாவாட் என்றார்கள். 2015 முடிந்தபோது அதில் பாதிகூட நிற்கவில்லை. 2019இல் இன்னொரு கொள்கை: 2023க்குள் 9,000 மெகாவாட். அதுவும் எட்டவில்லை. 2021இல் ஆட்சி மாறியது, எண்ணும் மாறியது: பத்தாண்டில் 20,000 மெகாவாட் சூரிய மின்சாரம், கூடவே 10,000 மெகாவாட் பேட்டரி. இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று பிரித்துப் பேச இதில் எதுவும் இல்லை. எண் பெரிதாகிக்கொண்டே போகிறது. எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்தக் கம்பி வழியாக, யாருடைய வயலைத் தாண்டி என்ற நான்கு கேள்விக்கு மட்டும் மேடையில் பதில் வருவதில்லை. மெகாவாட் என்பது மாட்டின் கொம்பை அளந்து சொல்வது. பால் எத்தனை படி என்று கேட்டால் யூனிட்டில் சொல்ல வேண்டும், மணியோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் கற்றுக்குட்டி அல்ல, பழம் தின்று கொட்டை போட்ட மாநிலம். 1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் காற்றாலை நட்டுப் பார்த்தது. பிறகு கயத்தாறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் உடுமலை என்று வரிசையாக நின்றன. இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடம். சமீபத்தில்தான் குஜராத் முந்தியது. அந்த முப்பந்தலுக்குப் போய்ப் பாருங்கள். நாட்டிலேயே அருமையான காற்று வீசுகிற இடத்தில் தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் குட்டி இயந்திரங்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. இன்று ஒரே கம்பத்தில் 3,000 கிலோவாட் எடுக்கும் இயந்திரம் விற்கிறது. நஞ்சை நிலத்தில் நாட்டுக்கருவேலம் வளர்த்த கதை. பழையதைக் கழற்றிப் புதியதை நடுவதற்கு ஒரு கொள்கை எழுத 2024 வரை ஆயிற்று.

சரி, காற்று எப்போது வீசுகிறது? அரூர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை. ஐப்பசியில் அடங்கிவிடும். தமிழ்நாட்டுக்கு மின்சாரம் மிக அதிகமாகத் தேவைப்படுவது எப்போது? சித்திரையில். 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காற்று பிறக்க இன்னும் சில வாரம் இருந்த நாள் அது. காற்றாலை கணக்கில் உண்டு, காற்று இல்லை. அந்தி ஆனால் வெயிலும் இல்லை. ஆகவே மேட்டூர்க் கரி, இல்லையென்றால் சந்தையில் போய் வாங்கிய மின்சாரம்.

2012ஐ மறந்துவிட்டீர்களா? சென்னைக்கு இரண்டு மணி நேரம் கரண்ட் கட். இங்கே பத்து மணி நேரத்துக்கு மேல். கோயம்புத்தூரில் பம்ப் செட் செய்கிற பட்டறைகள் ஷட்டரை இறக்கின. அரூரில் மாவு மில்காரர் அரிசி மூட்டைக்கு நடுவில் கரண்டுக்காகத் தூங்காமல் காத்திருந்தார். அந்த ஆண்டு ஆடியில் காற்று கொஞ்சம் கைகொடுத்தது. காற்று நின்றதும் ஐப்பசியில் நிலைமை இன்னும் மோசமானது. அப்போது பணம் கொடுத்தாலும் வடக்கிலிருந்து வேண்டிய அளவு வாங்க முடியவில்லை. ஏனென்றால் தென்னிந்திய மின்தொகுப்பு மற்ற நாட்டோடு முழுதாக இணைக்கப்படாமல் தனித்தீவாக இருந்தது. ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி இழுத்து இணைத்தது 2013 டிசம்பர் 31ஆம் தேதி. ஒரு கம்பி வந்து சேராததால் தெற்கே கோடிக்கணக்கான பேர் இருட்டில் உட்கார்ந்தார்கள்.

இந்தக் கம்பிக் கதை நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கென்யாவில் துர்கானா ஏரிக்குப் பக்கத்தில் 365 காற்றாலைகள், 310 மெகாவாட், 2017இல் நட்டு முடித்துவிட்டார்கள். மின்சாரத்தை எடுத்துப் போக 400 கிலோமீட்டருக்கு மேல் கம்பி வேண்டும். அந்த வேலையை எடுத்த ஸ்பெயின் கம்பெனி திவாலானது. ஓராண்டுக்கு மேல் நல்ல காற்றில் காற்றாலைகள் சும்மா நின்றன. சும்மா நின்றதற்கு அபராதம் கட்டியது கென்யா அரசு, அதாவது கென்யா மக்கள். மாப்பிள்ளை தயார், மண்டபம் தயார், ஊருக்கு ரோடு போட மறந்தார்கள்.

தமிழ்நாட்டில் அதற்கு நேர்மாறான வேடிக்கை. ஆடி மாதம் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். அந்த நேரம் பார்த்து நிறுத்து என்று காற்றாலைக்காரருக்கு உத்தரவு போகும். கம்பி தாங்காது என்பார்கள், தேவை குறைவு என்பார்கள். சூரிய மின் நிலையங்களையும் இப்படி நிறுத்தச் சொன்ன வழக்கு மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய், 2021இல் உற்பத்தியாளர்கள் பக்கம் தீர்ப்பானது. ஓடுகிற தண்ணீரை மதகடைத்துக் கடலுக்கு விட்டுவிட்டுத் தை மாதம் டேங்கர் லாரி பிடிப்பவனை ஊரில் என்னவென்று சொல்வோம்?

அடுத்தது விலை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய நிலையம். 2016இல் கட்டி முடித்தபோது உலகத்தில் ஒரே இடத்தில் அமைந்த மிகப் பெரிய நிலையங்களில் ஒன்று என்று பெயர். 25 லட்சம் பலகைகள், எட்டே மாதத்தில் வேலை முடிந்தது. இதில் பாராட்ட வேண்டியது உண்டு. 2007இல் அறிவித்த உடன்குடி அனல்மின் நிலையம் டெண்டர், ரத்து, மறு டெண்டர், கோர்ட் என்று அலைந்து பத்தாண்டு கழித்து 2017இல்தான் வேலை உத்தரவுக்கே வந்தது என்பதை நினைத்தால் எட்டு மாதம் அதிசயம்தான். ஆனால் கமுதி மின்சாரத்துக்குப் போட்ட ஒப்பந்த விலை என்ன? யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. எத்தனை ஆண்டுக்கு? 25 ஆண்டுக்கு. ஒப்பந்தம் போட்டு இரண்டே ஆண்டில், 2017 ஜூலையில், இதே தமிழ்நாடு 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது வந்த விலை 3 ரூபாய் 47 காசு. அதற்கு இரண்டு மாதம் முன்பு ராஜஸ்தானில் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு.

பலகை விலை ஆண்டுதோறும் சரிந்துகொண்டிருந்தது உலகத்துக்கே தெரிந்த செய்தி. விலை விழுகிற சந்தையில் தக்காளி வாங்குகிற அம்மா இன்றைக்கு ஒரு கிலோ, வெள்ளிக்கிழமை ஒரு கிலோ என்று வாங்குவார். மாநிலம் மட்டும் ஒரே நாளில் கால் நூற்றாண்டுச் சமையலுக்குக் கூடை கூடையாக வாங்கி வைத்தது. ஆண்டுக்கு இவ்வளவு, ஏலத்தில் இவ்வளவு என்று தொடர்ந்து வாங்குவதற்குப் பெயர்தான் நீண்டகாலத் திட்டம். மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதற்கு இதுபோன்ற அவசரங்களும் ஒரு காரணம்.

ஆனால் கடனைப் பற்றிப் பேச்செடுத்தாலே சில பொருளாதார மேதைகளின் விரல் விவசாயியின் மோட்டாரை நோக்கி நீளும். இலவச மின்சாரம்தான் வாரியத்தைக் கெடுத்தது என்பார்கள். அவர்களுக்கு ஒரு பழைய கதை ஞாபகமூட்ட வேண்டும். 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைப் பக்கத்து விவசாயிகள் எழுந்தபோது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். போராட்டம் காசுக் கணக்கில் நடந்தது, போன உயிர் மூன்று. 1972இல் கோயம்புத்தூர்த் தெருக்களில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதலில் சிறு விவசாயிக்கு, 1990இல் எல்லா விவசாயிக்கும் என்று இலவச மின்சாரம் வந்தது யாருடைய தயவிலும் அல்ல. இன்று இருபது லட்சத்துக்கு மேல் விவசாய இணைப்புகள் இருக்கின்றன. அதை எடுத்துவிட்டு மின்துறையைச் சீர்திருத்தலாம் என்று கனவு காண்பவர் ஒருநாள் தீர்த்தமலை அடிவாரத்தில் அறுநூறு அடி போர் போட்டுப் பார்க்கட்டும்.

இலவசம் இருக்கட்டும். அந்த இலவச மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டாரா யாராவது? ராத்திரி இரண்டு மணிக்கு வந்திருக்கிறது. டார்ச்சைக் கடித்துக்கொண்டு வரப்பில் பாம்புக்குப் பயந்து நடந்து போய் மோட்டார் போட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! ராத்திரி மின்சாரம் பெரும்பாலும் கரி மின்சாரம். அதே வேலையைப் பகலில் பத்து மணியிலிருந்து நான்கு மணிக்குள் வெயில் செய்து கொடுக்கும். அதுவும் மலிவாக.

கணக்கு எளிது. ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்று சுமார் 3.7 கிலோவாட் இழுக்கும். ஒரு மெகாவாட் சூரிய நிலையம் நல்ல வெயிலில் ஒரே நேரத்தில் இருநூறு மோட்டாருக்கு மேல் ஓட்டும். அதற்கு நான்கைந்து ஏக்கர் போதும். துணைமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால் நீளக் கம்பி வேண்டாம், கம்பியில் மின்சாரம் வீணாவதும் குறையும், கடைசிக் கம்பத்தில் லோ வோல்டேஜ் என்று மோட்டார் காயில் கருகாது. மகாராஷ்டிராவில் 2017இல் இதைத் தொடங்கினார்கள். விவசாய மின்பாதையைத் தனியாகப் பிரித்து, பக்கத்தில் சூரிய நிலையம் வைத்துப் பகலில் மின்சாரம் கொடுப்பது. 2023இல் அதையே பெரிய அளவில் விரித்தார்கள். மத்திய அரசின் குசும் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, மறைக்கக் கூடாது. பகலெல்லாம் மின்சாரம், அதுவும் இலவசம் என்றால் போர்க் கிணறு வறளும் வரை இறைப்பார்கள். நம் தருமபுரி மாவட்டத்தில் ஆழம் போகப் போகத் தண்ணீரோடு ஃபுளோரைடும் வருகிறது. பல்லில் கறையும் எலும்பில் வளைவும் இந்த மாவட்டத்தின் அடையாளமாக இருந்ததால்தானே ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது? அந்தக் காவிரித் தண்ணீரை மேடேற்றிக் கொண்டுவரவும் மின்சாரம்தான் வேண்டும் என்பது வேறு விஷயம். இந்த ஆபத்துக்குக் குஜராத்தில் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற சின்ன ஊர் ஒரு வழி காட்டியது. 2016இல் அங்கே ஆறு விவசாயிகள் கூட்டுறவு தொடங்கினார்கள். சூரிய பம்பில் தண்ணீர் இறைத்தது போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள். மோட்டாரை நிறுத்தினால் காசு வரும் என்றவுடன் மோட்டாரை நிறுத்தக் கை தானாகப் போகிறது. கேழ்வரகு விற்கிற மாதிரி வெயிலை விற்பது. தமிழ்நாட்டு விவசாயிக்கு இந்த வாய்ப்பைப் பெரிய அளவில் யாரும் இன்னும் நீட்டவில்லை.

இப்போது ஏழு மணிக்குத் திரும்புவோம்.

கோயம்புத்தூர் மாவட்டத்தில் காடம்பாறை என்று ஒரு நீர்மின் நிலையம், 400 மெகாவாட். எண்பதுகளின் கடைசியில் ஓடத் தொடங்கியது. மேலே ஒரு அணை, கீழே மேல் ஆழியாறு அணை. மின்சாரம் மிச்சமாக இருக்கும் நேரத்தில் கீழிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தேவை வரும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். தண்ணீரில் செய்த பேட்டரி. சூரிய மின்சாரம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் தமிழ்நாட்டு இன்ஜினியர்கள் கட்டிய குதிர் அது. அதற்கு அடுத்தது எங்கே? நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் திட்டத்துக்கு 2007இலேயே ஒப்புதல் கிடைத்தது. வேலை தொடங்கவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. காடம்பாறையில் குதிர் கட்டியவர்கள் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தி பார்த்துவிட்டார்கள்.

அரூர்க்காரருக்கு இந்த வேகம் புதிதல்ல. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் சிறிய ரயில் பாதை போட்டான் வெள்ளைக்காரன். உலகப்போர் நடக்கும்போது 1941இல் மூடிவிட்டான். அதை மறுபடி போட அடிக்கல் நாட்டிய ஆண்டு 2019. அடிக்கல்லுக்கு மாலை போட்டவர்கள் வந்த வழியில் கார் ஏறிப் போனார்கள்.

நீர்க்குதிர் கட்டப் பத்தாண்டு ஆகும் என்றால் லித்தியம் பேட்டரி இருக்கிறது. 2010இலிருந்து கணக்கெடுத்தால் அதன் விலை பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்று சொல்ல வரவில்லை. அது நான்கு மணி நேரக் குதிர். மூன்று நாள் மேகத்துக்கோ காற்றில்லாத மார்கழிக்கோ தாங்காது. ஆனால் அந்தி ஆறிலிருந்து பத்து வரைக்கு அதுவே பொருத்தம். அந்த நான்கு மணி நேரத்தின் மதிப்பு வாரியத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆலைகளிடம் மாலை 6 முதல் 10 வரை கூடுதல் கட்டணம் போட்டு வாங்குகிறார்கள். பில் போடுகிற அறைக்குத் தெரிந்த விஷயம் திட்டம் போடுகிற அறைக்குப் போய்ச் சேர ஏன் இத்தனை காலம்?

காற்றில்லாத மார்கழிக்கு இந்த ஊர்ப் பக்கத்திலேயே ஒரு மருந்து இருக்கிறது. கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நிற்கிறதே, அது எப்போது அரைக்கிறது? காற்றடிக்காத மாதங்களில். கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுப்பது நம் மாநிலத்துச் சர்க்கரை ஆலைகளுக்குப் பழகிய தொழில். ஆடியில் காற்று, தையில் கரும்பு என்று இயற்கையே பஞ்சாங்கம் எழுதி வைத்திருக்கிறது. அதற்கு மேல் சேலம், தருமபுரிப் பக்கத்துச் சேகோ ஆலைகள். மரவள்ளி அரைத்த கழிவுநீர் ஓடையில் கலந்து நாறிய காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே கழிவிலிருந்து எரிவாயு பிடித்து ஆலைக்கே மின்சாரம் எடுக்கிறவர்கள் சேலத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சின்னது. மேடையில் அறிவிக்க ஆயிரம் மெகாவாட் வேண்டியவர்களுக்கு இந்தச் சில்லறை கண்ணில் படாது. மாதம் வாரியாகக் கணக்குப் போடுகிறவனுக்கு இது சில்லறையல்ல, ஓட்டையை அடைக்கிற மண்.

கம்பிக்கு மறுபடி வர வேண்டும், ஏனென்றால் அந்தக் கம்பி உங்கள் வயலுக்கு மேல் போகிறது. சத்தீஸ்கரில் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டில் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்சாரப் பாதை, 6,000 மெகாவாட். அங்கிருந்து கரி மின்சாரம் கொண்டுவரப் போட்டது. ஆடியில் நம் காற்று மின்சாரத்தைத் திருப்பி வடக்கே அனுப்பவும் அதனால் முடியும். நல்ல பாதைதான். தருமபுரி மாவட்டத்திலேயே 765 கிலோவோல்ட் பெரிய நிலையம் ஒன்றும் இருக்கிறது. ஆவணத்தில் அதற்குப் பெயர் "புதிய சேலம்". மண் தருமபுரியுடையது, பெயர் சேலத்துடையது!

இந்தக் கோபுரங்கள் எழுந்தபோது மேற்கு மாவட்ட விவசாயிகள் ஏன் வயலில் இறங்கிப் படுத்தார்கள்? மின்சாரம் வேண்டாம் என்றா? வெள்ளைக்காரன் 1885இல் தந்திக் கம்பம் நட எழுதிய சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிலத்தை வாங்காமலே நிலத்தில் கோபுரம் நட்டார்கள். கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே உள்ள வழித்தடத்துக்கு 15 சதவீதம் வரை என்று 2015இல் மத்திய மின்துறை வழிகாட்டியது. கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, விற்கப் போனால் பாதி விலை. அதற்கு ரூபாய்க்கு 15 பைசா. போராட்டங்களுக்குப் பிறகு 2024இல் கோபுர இடத்துக்கு 200 சதவீதம், வழித்தடத்துக்கு 30 சதவீதம் என்று திருத்தினார்கள். 2018இல் படுத்தவர்கள் கேட்டது நியாயம் என்று 2024இல் ஒப்புக்கொண்ட மாதிரிதான். காற்றும் வெயிலும் வளர வளரக் கம்பி இன்னும் வரும். இருபத்தைந்து ஆண்டுத் திட்டத்தில் எந்தப் பாதை எந்தத் தாலுகா வழியாக என்று முன்கூட்டியே வரைந்து ஊரில் ஒட்டினால், கிணறு வெட்டுகிறவனும் வீடு கட்டுகிறவனும் தள்ளிக் கட்டிக்கொள்வான். போலீஸ் பாதுகாப்போடு குழி தோண்ட வேண்டிய அவசியம் வராது.

ஏழை நாடு, முதலில் கரியை எரித்து வளரட்டும், இதெல்லாம் பணக்கார நாட்டு ஆடம்பரம் என்று ஒரு வாதம் உண்டு. தென்னமெரிக்காவில் உருகுவே என்று ஒரு நாடு, 35 லட்சம் பேர். எண்ணெய் இல்லை, கரி இல்லை. மழை பொய்த்தால் அணை வறண்டு, எண்ணெய் இறக்குமதி செய்து கடனில் முழுகும். 2008இல் ரமோன் மெந்தெஸ் என்ற இயற்பியல் பேராசிரியர் எரிசக்தித் துறைக்கு வந்து 2030 வரைக்கும் ஒரு திட்டம் எழுதினார். 2010இல் நாடாளுமன்றத்தின் எல்லாக் கட்சிகளும் அதில் கையெழுத்துப் போட்டன. ஆட்சி மாறினாலும் திட்டம் மாறாது என்ற நம்பிக்கையில் முதலீடு வந்தது. மின்கம்பி அரசு நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. காற்றாலைக்கு ஏலம் விட்டு இருபது ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். பத்தே ஆண்டில் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காற்று, நீர், தாவரக் கழிவு போன்றவற்றிலிருந்து வந்தது. அவர்களுக்குப் பெரிய அணைகள் உண்டு, காற்று நின்றால் மதகைத் திறப்பார்கள். நமக்கு அந்த வசதி குறைவு. ஆனால் எல்லாக் கட்சியும் போட்ட அந்தக் கையெழுத்தைக் கப்பலில் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம் இலங்கை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியது. நாடு முழுக்க இருட்டு. குரங்கைச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயில் மின்சாரம் அதிகம், ஒரு அடி விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் கனமான சுழலிகள் குறைவு. குரங்கு சாக்கு, தொகுப்பை அதற்குத் தயார் செய்யாததுதான் காரணம். ஆகவே நாளைக்கே மேட்டூரை மூடிவிடு என்று எவனாவது இங்கே வந்து பேசினால் நம்பாதீர்கள். அரூர் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் கரண்ட் வேண்டும். கரி படிப்படியாகப் பின்னுக்குப் போக, குதிரும் கம்பியும் முன்னால் வர வேண்டும். எதை எந்த ஆண்டு என்று எழுதி வைப்பதுதான் கேட்கப்படுகிறது.

எழுதும்போது யார் யாரைக் கேட்டு எழுதுவது? மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி. தலைவர் ஆர்.சண்முகம் காலத்தில், 2006இல், ஊராட்சியே வங்கிக் கடன் வாங்கி உடுமலைப் பக்கம் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நட்டது. விலை 1 கோடியே 55 லட்சம். ஊர் விளக்கும் குடிநீர் மோட்டாரும் ஓடியது போக மிச்சத்தை வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்திலேயே கடனை அடைத்தது. அதிகாரிகள் பஸ் பஸ்ஸாக வந்து பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஊராட்சிகள் உள்ள மாநிலத்தில் ஓடந்துறை இன்றும் ஓடந்துறையாகவே நிற்கிறது. மற்ற ஊராட்சிக்கு ஒரு பாதை போட்டுக் கொடுக்கத் திட்டத்தில் ஒரு வரி இல்லை.

2023இல் மத்திய அரசு ஒரு விதிமுறை கொண்டுவந்தது. ஒவ்வொரு மின்விநியோக நிறுவனமும் அடுத்த பத்தாண்டுக்குத் தேவை எவ்வளவு, எந்த மூலத்திலிருந்து என்று கணக்கெழுதி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நல்ல விதி. அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டிய இடம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2022இல் கட்டணத்தை உயர்த்தும் முன் ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்டது. எங்கே? ஆகஸ்டில் கோவையில் ஒரு நாள், மதுரையில் ஒரு நாள், சென்னையில் ஒரு நாள். செப்டம்பரில் கட்டணம் ஏறியது. தருமபுரி விவசாயி கருத்துச் சொல்ல வேண்டுமானால் சேலம் போய், ஈரோடு தாண்டி, ஒரு நாள் கூலியையும் விட்டு, நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பக்கத்தைப் புரட்டித் தன் மோட்டார் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும்.

அதனால் இந்தக் கூட்டத்தின் சார்பில் ஆணையத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். பத்தாண்டுக் கணக்கைத் தமிழில் வெளியிட வேண்டும். மாதம் வாரியாக, மணி வாரியாக எழுத வேண்டும். அந்தி ஏழு மணிக்குத் தனிப் பத்தி வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் எந்தெந்தத் துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில் சூரிய நிலையம் வரும், எந்த மின்பாதைக்குப் பகல் மும்முனை எப்போது கிடைக்கும் என்று ஆண்டோடு சொல்ல வேண்டும். வருகிற கோபுரப் பாதைகளின் வரைபடத்தைத் தாலுகா ஆபீஸில் ஒட்ட வேண்டும். அடுத்த கருத்துக் கேட்புக்கு இந்த மாவட்டத்தில் ஒரு நாள் உட்கார வேண்டும்.

மனு மேடைக்குக் கீழே மேசையில் இருக்கிறது. பேனா இரண்டுதான் கிடைத்தது, கொஞ்சம் வரிசையில் வாருங்கள். பெயரோடு மின் இணைப்பு எண்ணையும் எழுதுங்கள். பில்லில் பார்த்து எழுத வேண்டியவர்கள் நாளைக் காலை கொண்டுவந்து கொடுத்தாலும் சேர்த்துக்கொள்வோம். கடைசி பஸ் புறப்பட இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.